நேனே வாத்து முப்பதுக்கு இறங்கியதும் மீண்டதும்: ஓர் எளிய விளக்கம்

கார்த்திகை பிறந்து குளிர் இறங்க ஆரம்பித்தால் கொங்கு நாட்டுக் குளங்களைப் பற்றிய செய்திகளும் வர ஆரம்பித்துவிடும். சூலூர், சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம், திருப்பூர் நஞ்சராயன் குளம், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு என்று ஏதாவது ஓர் ஊர்ப்பெயரோடு "அழிந்துவரும் அரிய வாத்து வருகை" என்று தலைப்பு இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததும் பேச்சு கிளம்பும். "எல்லாத்தையும் வேட்டையாடித் தின்னுட்டாங்க" என்பார் ஒருவர். "பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். "போன வருஷத்தைவிட எண்ணிக்கை கூடிவிட்டதாம், இனிக் கவலையில்லை" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு பறவையினம் எப்படிக் குறைகிறது, எப்படி மீள்கிறது என்ற கணக்கு இந்த மூன்றிலுமே விடுபட்டுப்போகிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நேனே என்ற காட்டு வாத்தின் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழ்கிற பறவை அது. ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தேடினாலும் காட்டில் சுமார் முப்பதுதான் இருந்தது. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நடுவில் செய்த முயற்சிகள், ஏமாந்த இடங்கள், எதிர்பாராமல் கிடைத்த பாடங்கள் எல்லாமே பதிவாகியிருக்கின்றன.

எங்கே அரிது?

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். வரித்தலை வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். திபெத், மங்கோலியா, லடாக் பகுதிகளின் உயரமான ஏரிக்கரைகளில் முட்டையிட்டுவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இந்தியா வருகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தங்குளத்தில் அதைக் கூட்டமாகவே பார்க்கலாம். நம் பக்கத்துக் குளம் ஒன்றில் நாலைந்து இறங்கினால் கேமராக்கள் கூடிவிடும். கூடட்டும், நல்லதுதான். ஆனால் அது நமக்குத்தான் அரிது. உலக அளவில் அந்த இனத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

உலக அளவில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் அதைச் சிவப்புப் பட்டியல் என்பார்கள். எத்தனை வளர்ந்த பறவைகள் மிச்சம், எவ்வளவு வேகமாகக் குறைகின்றன, எவ்வளவு பரப்பில் வாழ்கின்றன என்ற கேள்விகளை வைத்து ஒவ்வோர் இனத்தையும் ஒரு படியில் நிறுத்துகிறார்கள். வரித்தலை வாத்து கவலை குறைந்த படியில் இருக்கிறது. வளர்ந்த பறவைகள் 50-க்கும் கீழே போய்விட்டால், வேறெதையும் பார்க்காமலே மிக ஆபத்தான படிக்குப் போய்விடும். நேனே ஒரு காலத்தில் நின்றது அந்த இடத்தில்தான்.

நேனே எப்படிப்பட்ட பறவை?

தோட்டத்துச் சாளைகளில் காவலுக்கு வளர்க்கிற பெரிய வெள்ளை வாத்து நமக்குத் தெரியும். கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தி, வருகிறவர்களை விரட்டுமே, அதற்குத் தூரத்து உறவு இது. கறுப்பு முகம், மங்கிய சந்தன நிறக் கழுத்து. கழுத்து இறகுகள் வரிவரியாகச் சீப்பால் வாரிவிட்டதுபோலப் பள்ளம் பள்ளமாக இருக்கும். காலைப் பார்த்தால் இது வேறு வாழ்க்கை வாழும் பறவை என்று தெரிந்துவிடும். நீந்தும் வாத்துகளுக்கு விரல்களுக்கிடையே முழுசாக இருக்கும் சவ்வு இதற்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரடுமுரடான பாறை மேல் நடந்து புல்லும் பழமும் மேய்கிற பறவை அது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கும்.

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலிருந்து வழிதவறியோ வலசையிலோ வந்து சேர்ந்த கனடா வாத்து வகை மூதாதையிலிருந்து இது பிரிந்து வளர்ந்தது. அந்தத் தீவுகளில் அப்போது வௌவாலைத் தவிரத் தரையில் வாழும் பாலூட்டி எதுவுமே கிடையாது. நரி இல்லை, பூனை இல்லை, எலிகூட இல்லை. ஆகவே நேனே புதர் அடியில் தரையிலேயே கூடு வைக்கப் பழகியது. தன் பஞ்சு இறகைப் பறித்துக் குழியில் பரப்பி, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து முட்டை வைக்கும். ஒரு மாசம் பெட்டை அடைகாக்கும். ஆண் பக்கத்தில் நின்று காவல் காக்கும்.

இதில் ஒரு சிக்கலான காலம் இருக்கிறது. குஞ்சுகள் பறக்க இரண்டரை மாசத்துக்கு மேல் ஆகும். அதே நேரத்தில் தாயும் தகப்பனும் பழைய சிறகை உதிர்த்துப் புதுச்சிறகு முளைக்கக் காத்திருக்கும். அதனால் அவையும் நாலு முதல் ஆறு வாரம் பறக்க முடியாது. குடும்பமே தரையில். பாலூட்டி இல்லாத தீவில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை?

இப்போது கணக்குக்கு வருவோம். நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். ஒரு பெட்டைக்கோழி பன்னிரண்டு முட்டையை அடைகாத்துப் பத்துக் குஞ்சு இறக்கினால் பிள்ளைகள் குதிப்பார்கள். வீட்டு ஆத்தா அதற்குள் சந்தோஷப்பட மாட்டார். பருந்துக்கு ரெண்டு, கீரிக்கு மூணு, சீக்குக்கு ரெண்டு, மழையில் நனைந்து விறைத்தது ஒன்று என்று போனபின் எத்தனை மிஞ்சி முட்டை வைக்கும் பருவத்துக்கு வருகிறது என்பதுதான் அவர் கணக்கு. ஒன்றுகூட வராவிட்டாலும் தாய்க்கோழியும் சேவலும் முற்றத்தில் மேய்ந்துகொண்டுதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு "கோழி இருக்கிறதே" என்றுதான் தோன்றும். தாய்க்கோழிக்கு வயதாகிப் போன பிறகுதான் முற்றம் காலியாகும்.

காட்டுப் பறவையிலும் அதேதான். பிழைத்து வளர்ந்து, தானே முட்டை வைக்கும் பருவத்தை எட்டுகிற இளசுகளைப் புதுச்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் சாகும் பெரிய பறவைகளின் எண்ணிக்கையைப் புதுச்சேர்க்கை ஈடுகட்டினால் இனம் நிற்கும். ஈடுகட்டாவிட்டால் சரியும். நேனே போல நெடுநாள் வாழும் பறவையில் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. ஒரு மேய்ச்சல் நிலத்தில் வருஷா வருஷம் அதே ஜோடிகள் தென்படும். கூடும் வைக்கும். முட்டையும் வைக்கும். குஞ்சு மட்டும் வளர்ந்து வராது. பெரியவை ஒவ்வொன்றாக முதுமையில் விழ ஆரம்பிக்கும்போதுதான் "திடீரென்று" குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே கணக்கு கெட்டுப்போயிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஓரினம் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரிய பறவைகளின் தலைக்கணக்கு இல்லை. அவற்றின் இடத்தை நிரப்ப இளசு வருகிறதா என்பதுதான்.

கீரி கப்பலேறிய கதை

1778-இல் ஐரோப்பியக் கப்பல் முதன்முதலாக ஹவாய்க்கு வந்தபோது நேனே சுமார் 25,000 இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன்பே பொலினேசியர்கள் வந்து குடியேறி, வேட்டையாடி, தாழ்வான நிலங்களைப் பயிராக்கியதில் பறவை குறைந்திருந்தது. அவர்களோடு எலியும் வந்தது. அப்புறம் வந்த கப்பல்களில் பூனை, நாய், பன்றி, ஆடு எல்லாம் வந்தன. துப்பாக்கியும் வந்தது. நேனே முட்டையிட்டு அடைகாக்கும் குளிர்காலத்திலேயே வேட்டைப் பருவமும் இருந்தது என்றால் சேதம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அந்தத் தீவுகளில் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். கரும்புக்கு எலித்தொல்லை. கொங்கு நாட்டுக் கரும்புக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எலிக்கு மருந்தாக அவர்கள் கண்டது கீரி. 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோன சிறிய இந்தியக் கீரிகள் அங்கே பெருகியிருந்தன. அங்கிருந்து 1883-இல் ஹவாய்க்குக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் விட்டார்கள். நம் வரப்புகளில் ஓடுகிற சாம்பல் கீரிக்கு இது நெருங்கிய சொந்தம், உருவில் கொஞ்சம் சின்னது.

கீரி எலியையும் தின்றது. ஆனால் கீரி பகலில் திரிவது, எலி பெரும்பாலும் இரவில் திரிவது. பகலில் தரையில் எளிதாகக் கிடைத்தது நேனே முட்டையும், பறக்கத் தெரியாத குஞ்சும், சிறகுதிர்த்து நிற்கும் தாயும்தான். கீரியை எப்படி ஏய்ப்பது என்று அந்தப் பறவைக்குத் தெரியாது. பல லட்சம் வருஷம் தேவைப்படாத ஒன்றை அது எங்கே கற்றிருக்கும்?

இதைப் படித்துவிட்டு யாரும் நம் ஊர்க் கீரி மேல் பழி போட வேண்டாம். நம் மண்ணில் கௌதாரியும் ஆள்காட்டியும் தரையில்தான் முட்டை வைக்கின்றன, கீரி நடமாடும் அதே காட்டில். ஆள்காட்டி முட்டையை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்: கூழாங்கல்லுக்கு நடுவே கூழாங்கல்லாகக் கிடக்கும். ஆள் நெருங்கினால் தாய் தள்ளிப்போய்க் கத்தி, அடிபட்டதுபோல இறக்கையை இழுத்துக்கொண்டு நடித்து நம்மை வேறு பக்கம் கூட்டிப்போகும். கௌதாரிக் குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓடும். இவையெல்லாம் கீரியோடும் நரியோடும் பாம்போடும் காலங்காலமாக வாழ்ந்து பெற்ற வித்தைகள். விலங்கு கெட்டதில்லை, அதைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் தவறு.

வேட்டையை நிறுத்தினார்கள், ஆனாலும் குறைந்தது

1907-இல் ஹவாயில் நேனே வேட்டைக்குத் தடை வந்தது. "வேட்டைதான் காரணம்" என்பது முழு விடையாக இருந்திருந்தால் அந்த வருஷத்திலிருந்து பறவை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தொடர்ந்து இறங்கி, 1950 வாக்கில் காட்டில் சுமார் முப்பதுதான் எஞ்சியது.

காரணம் முன்பே பார்த்த கணக்குதான். வேட்டைத்தடை பெரிய பறவைகளைக் காப்பாற்றியது. முட்டைக்கும் குஞ்சுக்கும் இருந்த ஆபத்தை அது தொடவேயில்லை. சட்டம் போட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த நாற்பது சொச்சம் வருஷத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பஞ்சாரத்துக்குள் ஓர் இனம்

குஞ்சைக் கீரியிடமிருந்து காக்கப் பஞ்சாரம் போட்டு மூடுவோம் இல்லையா, அதையே ஓர் இனத்துக்குச் செய்வதைக் காப்பினப்பெருக்கம் என்கிறார்கள். எஞ்சிய பறவைகளைப் பிடித்துப் பாதுகாப்பான இடத்தில் வளர்த்து, குஞ்சு பெருக்கி, அப்புறம் காட்டில் விடுவது.

நேனேயின் அதிர்ஷ்டம், இதை ஒருவர் யாரும் சொல்லாமலே ஆரம்பித்திருந்தார். அந்தத் தீவுக்கூட்டத்தில் ஹவாய் என்றே பெயருள்ள தீவில் பண்ணை வைத்திருந்த ஹெர்பர்ட் ஷிப்மன் 1918 முதல் தன் நிலத்தில் நேனே வளர்த்துவந்தார். 1946-இல் சுனாமி வந்து அந்த மந்தையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியதிலிருந்துதான் பின்னால் நடந்தது எல்லாம். 1949-இல் ஹவாய் அரசு போஹகுலோவா என்ற இடத்தில் ஒரு வளர்ப்பு மையம் தொடங்கியது.

1950-இல் ஷிப்மன் கொடுத்த இரண்டு பறவைகள் இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போயின. அங்கே பீட்டர் ஸ்காட் என்பவர் நீர்ப்பறவைகளுக்காகவே ஒரு காப்பகம் நடத்திவந்தார். இரண்டும் ஜோடி என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வருஷம் இரண்டுமே கூடு வைத்து இரண்டுமே முட்டையிட்டன! உடனே ஹவாய்க்குத் தந்தி பறந்தது. ஓர் ஆண் வாத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஹவாய் அரசர் பெயரால் அதற்குக் கமேஹமேஹா என்று பெயர் வைத்தார்கள். அதற்கடுத்த வருஷம் குஞ்சு பொரித்தது. 1962-இல் ஸ்லிம்பிரிட்ஜில் பிறந்த இளம் வாத்துகள் ஹவாய்க்கே திரும்பி வந்தன. மவி தீவின் ஹலேயகலா எரிமலைப் பள்ளத்துக்குள் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சாரணர் சிறுவர்கள். பறவைப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்து போனார்கள்.

இந்த வழி எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டிலேயே இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று ஒன்று இருந்தது. கங்கைச் சமவெளியின் சதுப்புகளில் வாழ்ந்தது. அதையும் இங்கிலாந்தில் ஒரு தனியார் தோட்டத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். அது கடைசிவரை அங்கே குஞ்சு பொரிக்கவேயில்லை. நேனே மீளத் தொடங்கிய அதே 1950 வாக்கில் அந்தப் பறவை இந்தியாவில் கண்ணிலிருந்து மறைந்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும் ஒன்று இது.

விட்டார்கள், ஆனால் நிற்கவில்லை

1960 முதல் வளர்ப்புப் பறவைகளைக் காட்டில் விட ஆரம்பித்தார்கள். சில வருஷத்தில் விடுவிக்கப்பட்டவை நூற்றுக்கணக்காகி, அப்புறம் ஆயிரத்தைத் தாண்டின. மொத்தமாக இன்றுவரை விடப்பட்டவை சுமார் மூவாயிரம். 2019-இல் எல்லாத் தீவுகளையும் சேர்த்துக் காட்டில் இருந்தவை 2,800-க்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபது வருஷத்தில் அவை போட்ட குஞ்சுகளையெல்லாம் கூட்டிய பிறகும், விட்ட அளவுக்கே வந்து நிற்கிறது.

நெடுநாள் வரை பல இடங்களில் விடுவதை நிறுத்தினால் எண்ணிக்கை இறங்கியது. ஒரு காரணம் கீரி, பூனை, எலி அங்கேயேதான் இருந்தன என்பது. பறவைகளை வளர்த்து வெளியே விட்டார்கள், ஆனால் வெளி மாறவில்லை.

இன்னொரு காரணம் இன்னும் நுட்பமானது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது. கடைசி முப்பது பறவைகள் உயரமான எரிமலைச் சரிவுகளில் இருந்தன. அதனால் அதுதான் நேனேயின் வீடு என்று முடிவு செய்து அங்கேயே விட்டார்கள். ஆனால் பழைய எலும்புகளைத் தோண்டிப் பார்த்ததில் நேனே ஒரு காலத்தில் தாழ்ந்த நிலங்களிலும் வாழ்ந்தது தெரிந்தது. மேலே இருந்தவை அங்கே விரும்பிப் போனவை அல்ல. கீழேயிருந்து துரத்தப்பட்டு மிஞ்சியவை. உயரத்தில் குளிரும் மழையும் அதிகம், குஞ்சுக்கு வேண்டிய இளம்புல் குறைவு. வாத்துக் குஞ்சுக்குத் தாய் ஊட்டாது. பொரித்த நாளிலிருந்தே தானே மேய வேண்டும். புரதம் உள்ள தளிர் கிடைக்காவிட்டால் கீரி வராமலே பட்டினியில் சாகும். அப்படியும் நிறையச் செத்தன.

ஆக, இதுவரை: வேட்டையை நிறுத்தியது பெரியவற்றைக் காத்தது, வளர்ப்பு மையம் எண்ணிக்கையைத் தந்தது. குஞ்சு வளர வேண்டிய நிலம் மட்டும் அப்படியே கிடந்தது.

கவாயில் அடித்த புயல்

1982-இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒன்றான கவாய்த் தீவில் இவா என்ற புயல் அடித்தது. அங்கே ஒருவர் வளர்த்துவந்த நேனேகள் கூண்டு உடைந்து வெளியேறின. பத்துப் பன்னிரண்டு இருக்கும். யாரும் திட்டமிட்டு விட்டதில்லை. அந்தக் கைப்பிடிப் பறவைகளும், பிற்பாடு சேர்த்து விட்ட சிலவும் பெருகி, இன்று மற்றத் தீவுகளை மிஞ்சி ஆயிரத்துக்கும் மேலாக நிற்கின்றன.

என்ன வித்தியாசம்? கவாயில் கீரி குடியேறவில்லை. அப்புறம், அங்கே பறவைகள் வாழ்ந்தது தாழ்நிலத்தில்: மேய்ச்சல் புல்வெளி, நீர்நிலை ஓரம், வெட்டி நீர்பாய்ச்சிய புல்தரை. குஞ்சுக்குத் தீனியும் இருந்தது, தின்ன வருபவனும் குறைவு. மற்றத் தீவுகளில் ஆயிரக்கணக்கில் விட்டும் கிடைக்காதது, இங்கே ஒரு டஜனில் கிடைத்தது.

இதற்குப் பிறகு வேலையின் போக்கே மாறியது. கூடு வைக்கும் இடங்களைச் சுற்றிக் கீரிக்கும் பூனைக்கும் பொறி வைத்தார்கள், வேலி போட்டார்கள். புல்லை வெட்டி இளந்தளிர் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். மேலே திறந்த அடைப்புகள் கட்டினார்கள். பெரிய பறவை பறந்து வரலாம் போகலாம், குஞ்சு மட்டும் உள்ளே பத்திரம்.

கவாயின் வெற்றி அதற்கே ஒரு தலைவலியையும் கொண்டுவந்தது. லிஹூவே விமான நிலையத்தை ஒட்டிய கோல்ஃப் புல்வெளியில் நேனேகள் கூட்டமாகக் கூடு வைக்க ஆரம்பித்தன. விமானத்தில் பறவை மோதினால் இரண்டு தரப்புக்கும் ஆபத்து. 2011-இலிருந்து 2016-க்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட பறவைகளைப் பிடித்து மவிக்கும் ஹவாய்த் தீவுக்கும் மாற்றினார்கள். அவற்றில் ஒரு ஜோடி கவாய்க்கே திரும்பப் பறந்து, வழியில் ஓவாஹு தீவில் இறங்கி, 2014 தொடக்கத்தில் அங்கேயே குஞ்சு பொரித்தது. நூற்றாண்டுகளாக நேனே இல்லாதிருந்த தீவு அது.

ஒரே சேவலின் வம்சம்

எண்ணிக்கை ஏறினாலும் தீராத ஒரு பிரச்சினை இருக்கிறது. கோழி முற்றத்துக்கே திரும்பிப் போவோம். ஒரே சேவலை வைத்துக்கொண்டு அதன் மகள், பேத்தி என்று எல்லாவற்றையும் அதனோடே அணைய விட்டால் நாளடைவில் முட்டை கூமுட்டையாகும், குஞ்சு சவலையாகும். அதனால்தான் வேறு ஊரிலிருந்து சேவல் வாங்கிவருவோம்.

ஒவ்வொரு பறவையும் தன் உடலின் ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுப் பிரதிகளைப் பெறுகிறது. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேரும்போது இரண்டு பக்கமிருந்தும் அதே பழுதுப் பிரதி வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. முப்பது பறவையிலிருந்து மூவாயிரம் வந்தாலும் அந்த மூவாயிரத்துக்குள் இருக்கும் மரபு வகைகள் அந்த முப்பதில் இருந்தவை மட்டுமே. வழியில் தொலைந்தவை எண்ணிக்கை கூடினால் திரும்பி வராது. இப்படி ஓரினம் மிகச் சிலவாகச் சுருங்கி வகைகளை இழப்பதை மரபு இடுக்கு என்று சொல்லலாம்.

நேனேயில் இது கண்ணுக்கே தெரிந்தது. வளர்ப்பு மந்தைகளில் சில குஞ்சுகள் வித்தியாசமான பஞ்சிறகோடு பிறந்தன. பொதபொதவென்று உப்பி இருக்க வேண்டிய பஞ்சு, முடிமுடியாகத் திரிந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பஞ்சுக்குள் காற்று நிற்பதால்தான் குஞ்சுக்குச் சூடு. அது நிற்காததால், குளிரும் ஈரமுமான நாளில் அந்தக் குஞ்சுகள் விறைத்துப்போயின. இரண்டு பக்கமும் பழுதுப் பிரதி சேர்ந்தால் வருகிற குறை அது. பழைய எலும்புகளில் மரபணுவை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: நேனேயின் மரபு வகைகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பெரிதும் சுருங்கியிருந்தன. முப்பதுக்கு இறங்கியது அதற்கு வந்த முதல் இடுக்கு அல்ல.

தீனி, சாலை, பூனை

இன்று நேனேயைக் கொல்பவற்றில் நல்லெண்ணமும் ஒன்று. சுற்றுலா வருகிறவர்கள் ரொட்டி, சிப்ஸ் போடுகிறார்கள். பறவை மனிதனையும் காரையும் கண்டு பயப்படாமல் போகிறது. சாலையோரம் காத்து நிற்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அதனால்தான் ஹவாயின் பூங்காச் சாலைகளில் "நேனே கடக்கும் இடம், மெதுவாகச் செல்க" என்ற பலகைகள் நிற்கின்றன. தீனி போடுவதற்கும் தடை.

வீட்டுப் பூனையும் தெருப்பூனையும் வேட்டையாடாமலே கொல்ல முடியும். பூனைக் கழிவில் வெளியேறும் ஓர் ஒட்டுண்ணி மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து நேனேயின் உடலுக்குள் போய் அதைச் சாகடிக்கிறது. பூனைகளுக்குச் சோறு வைக்கிற இடங்களை நேனே மேயும் நிலத்திலிருந்து தள்ளி வையுங்கள் என்று அங்கே கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க அரசு 1967-இல் நேனேயை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2019 டிசம்பரில் அதை ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று மாற்றினார்கள். இது பெரிய சாதனை, சந்தேகமேயில்லை. ஆனால் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. பொறியையும் வேலியையும் புல்வெட்டையும் நிறுத்தினால் பல இடங்களில் புதுச்சேர்க்கை மறுபடி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். மனிதர் தொடர்ந்து கைகொடுத்தால்தான் நிற்கும் என்ற நிலையில் உள்ளவற்றைப் பாதுகாப்பைச் சார்ந்த இனம் என்பார்கள். நேனே இன்று அப்படித்தான் இருக்கிறது.

நம் குளங்களில் இந்தக் கணக்கு

வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும் நஞ்சராயன் குளம் 2024-இலும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. கொங்கு நாட்டுக்கு இது நல்ல காலம். ஆனால் நாம் இன்னும் குளிர்கால விருந்தாளிகளை எண்ணுவதில்தான் மும்முரமாக இருக்கிறோம். வருஷம் முழுக்க இங்கேயே இருந்து இங்கேயே முட்டை வைக்கும் புள்ளிமூக்கு வாத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அது அரியதில்லை, செய்தியாவதுமில்லை. கரையோரக் கோரையிலும் புல்லிலும் தரையில் கூடு வைக்கும். குளத்தை "அழகுபடுத்தும்போது" முதலில் போவது அந்தக் கோரையும் புல்லும்தான். கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்துவிட்டால், தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துக்கு வேண்டிய ஆழமில்லாத ஓரமும் போய்விடுகிறது. மிச்சக் கூடுகளைக் குப்பை மேட்டுக்கு வரும் தெருநாய்கள் பார்த்துக்கொள்ளும்.

பெரிய வாத்துகள் பத்து வருஷமாக அதே அளவு தெரிகின்றன என்பது நமக்கு எதையும் சொல்லாது. தாய்க்குப் பின்னால் எத்தனை குஞ்சு நீந்துகிறது, மூன்று வாரம் கழித்து அதில் எத்தனை மிச்சம் என்பது சொல்லும். பொங்கலை ஒட்டி வருஷாவருஷம் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் நம் ஊர்களிலிருந்து பலர் கலந்துகொள்கிறார்கள். பதிவுகள் இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏறுகின்றன. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பறவைக்கும் கீழே குறிப்பு எழுத இடமிருக்கிறது. புள்ளிமூக்கு வாத்து என்று எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குஞ்சு இருந்தால் எத்தனை என்று அந்த இடத்தில் எழுதுங்கள். பொங்கலோடு நிறுத்தாமல், மழை முடிந்து கரையில் கோரை நிற்கும் மாதங்களிலும் அதே குளத்துக்குப் போய் அதே கரையில் நின்று எழுதுங்கள்.